தெப்பம் பழுதுபார்க்கப் போனவர்

கேள்வி: 1879-ல் தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களோடு பிரிட்டிஷார் நடத்திய போரில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் முகாமைக் காத்ததற்காக, பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற ஜான் சார்ட் ஓர் எஞ்சினியராமே? அவர் எப்படிச் சண்டைக்குத் தலைமை ஏற்றார்?

பதில்: பிரிட்டிஷ் வசமிருந்த நேட்டாலின் எல்லையில், பஃபலோ ஆற்றைக் கடக்கும் தெப்பங்களைப் பழுதுபார்க்கத்தான் சார்ட் அங்கே போனார். ஜனவரி 22 அன்று முகாம் பொறுப்பிலிருந்த மேஜர் வெளியே கிளம்ப, மிஞ்சிய லெப்டினன்ட்களில் சார்ட் சீனியர். அந்தப் பதவிக்கு அங்கிருந்த இன்னொரு லெப்டினன்ட் பிராம்ஹெட்டைவிட மூன்று ஆண்டு முன்பே வந்தவர். தலைமை அவர் கைக்கு வந்தது இப்படித்தான்.

அதே நாளில் ஜூலு நாட்டுக்குள், இசண்டல்வானாவில், பிரிட்டிஷ் படை அழிந்த செய்தி பிற்பகலில் எட்டியது. ஓடினால் நோயாளிகளை ஏற்றிய வண்டிகள் வழியிலேயே சிக்கும், இங்கேயே நிற்போம் என்று வற்புறுத்தியவர் டால்டன் என்ற உணவுக்கிடங்கு அதிகாரி. கிடங்கிலிருந்த மக்காச்சோள மூட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள்.

சார்ட்டை நான் மெச்சுவது அதற்கப்புறம் அவர் செய்த காரியத்துக்காக. உள்ளூர் ஆட்களைக் கொண்ட துணைப்படைகள் விலகிப் போனதும், நோயாளிகளையும் சேர்த்து மிஞ்சியது சுமார் 150 பேர். இவ்வளவு நீளச் சுவரை இவர்களால் காக்க முடியாது என்று கணித்து, பிஸ்கட் பெட்டிகளால் குறுக்கே இன்னொரு சுவர் வைக்கச் சொன்னார். அது இரண்டு பெட்டி உயரம்கூட எழும்பவில்லை, அதற்குள் ஜூலுக்கள் வந்துவிட்டார்கள். மாலையில் வெளிச்சுவரைக் கைவிட்டபோது எல்லோரையும் காத்தது அந்தக் குட்டைச் சுவர்தான். முதல் தாக்குதலுக்கு முன்பே பின்வாங்கும் இடத்தைத் தயார் செய்தாரே, அது அசல் எஞ்சினியர் புத்தி!

பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 17 பேர். ஜூலு உடல்கள் 351 என்று கணக்கு எழுதினார்கள். மறுநாள் காலையில் களத்தில் காயத்தோடு கிடந்த ஜூலுக்களையும் கொன்றார்கள். தன் நாட்டுக்குள் புகுந்த படையை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். இந்தக் கொலையைப் பேசாமல் வீரத்தை மட்டும் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே சண்டைக்கு 11 விக்டோரியா கிராஸ் கொடுத்ததில் இசண்டல்வானா தோல்வியை மறைக்கும் அவசரமும் இருந்தது என்றே நினைக்கிறேன். டால்டனுக்கோ பதக்கம் தாமதமாகத்தான் வந்தது.

சார்ட் பிறகு சிங்கப்பூரிலும் பணியாற்றி, கர்னல் வரை உயர்ந்தார். 1897-ல், 49 வயதில், நாக்குப் புற்றுநோயால் இறந்தார்.