கால்குலேட்டர் ஒரு கோணம்தான் காட்டுகிறது, மற்றது எங்கே?

கேள்வி: 0 முதல் 360 பாகைக்குள் ‘சைன் அ = −0.4’ என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். கால்குலேட்டரில் −23.578 என்று வருகிறது. விடைப் பகுதியிலோ 203.58, 336.42 என இரண்டு விடைகள் உள்ளன. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் தவறான பொத்தானை அழுத்தவில்லை; கால்குலேட்டரும் பிழையாகச் சொல்லவில்லை. சைன் மதிப்பு −0.4 ஆக உள்ள கோணங்கள் எண்ணற்றவை. அவற்றுள் ஒன்றை மட்டுமே திரையில் காட்ட வேண்டியிருப்பதால், நேர்மாறு சைனுக்கு −90 முதல் 90 பாகை வரை, நேர்மாறு கொசைனுக்கு 0 முதல் 180 பாகை வரை என எல்லை வகுத்து, அதற்குள் அமையும் முதன்மை மதிப்பை மட்டும் அது தருகிறது. மற்ற கோணங்களை நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

எதையும் தொடங்குமுன் சைன் 30 என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 0.5 வந்தால் கருவி பாகை முறையில் இருக்கிறது, −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. இந்தச் சிறு சோதனையைச் செய்யாததால் முழுக் கணக்கும் வீணாவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இப்போது ஆரம் 1 உள்ள ஒரு வட்டத்தை, மையம் ஆதிப்புள்ளியில் இருக்குமாறு, தாளில் வரையுங்கள். வட்டத்தின் மீதுள்ள புள்ளி கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவே சைன். ஆகவே −0.4 என்பது கிடைக்கோட்டுக்குக் கீழே 0.4 தாழ்வு, அந்த மட்டத்தில் ஒரு கோடு இழுத்தால் அது வட்டத்தை இடப்பக்கம் ஒரு புள்ளியிலும் வலப்பக்கம் ஒரு புள்ளியிலும் வெட்டும். விடை இரண்டாக இருப்பதன் காரணம் இவ்வளவுதான். குறியை விட்டுவிட்டு 0.4-க்கு நேர்மாறு சைன் எடுத்தால் 23.578 பாகை கிடைக்கும். இடப்பக்கப் புள்ளிக்கு 180-உடன் இதைக் கூட்ட 203.58, வலப்பக்கப் புள்ளிக்கு 360-இலிருந்து கழிக்க 336.42. உங்கள் −23.578-உடன் 360-ஐக் கூட்டினாலும் அதே 336.42 வருவதைக் கவனியுங்கள்: கால்குலேட்டர் காட்டியது வலப்பக்கப் புள்ளியைத்தான்.

கொசைனுக்குக் கிடைத்த கோணத்தை 360-இலிருந்து கழித்தால் மற்றது வரும். டேன்ஜென்டுக்கு 180-ஐக் கூட்டினால் போதும்.

பலர் சறுக்குமிடம் ‘கொசைன் 2அ = 0.3’ போன்ற சமன்பாடுகள். அ-வின் எல்லை 360 என்றால் 2அ-வின் எல்லை 720 என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 2அ-வுக்கு 72.54, 287.46 ஆகியவற்றோடு, ஒவ்வொன்றுடனும் 360 கூட்டி 432.54, 647.46 ஆகியவற்றையும் எடுத்த பிறகே இரண்டால் வகுக்க வேண்டும், அப்போது 36.27, 143.73, 216.27, 323.73 என நான்கு விடைகளும் கிடைக்கும். முதலில் வகுத்துவிட்டு 36.27-ஐ 360-இலிருந்து கழிப்பவர்களுக்கு 323.73 சரியாகவே வந்துவிடுவதால், நடுவில் இரண்டு விடைகள் விடுபட்டது தெரிவதே இல்லை.

விடை வந்ததும் அதன் சைனைத் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். 203.58-க்கு −0.40003 என்று வரும். அந்தக் கடைசி இலக்கங்கள் நாம் தோராயமாக்கியதன் விளைவே தவிர, விடையில் குறை இல்லை.