எம்கேட் மறுபடி எழுதலாமா? பிராம்டனில் இருந்து கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் பிளஸ் டூ முடித்து நீட் எழுதி சீட் கிடைக்கவில்லை, அப்புறம் குடும்பத்தோடு பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கிடைத்து கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துப் பிராம்டனுக்கு வந்தீர்கள், இப்போது யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷம். போன கோடையில் எழுதிய எம்கேட்டில், அதாவது இங்கே மெடிக்கல் ஸ்கூலில் சேர எழுதும் நுழைவுத் தேர்வில், மொத்தம் 507. கெமிஸ்ட்ரி பிசிக்ஸில் 129, பத்தியைப் படித்து விடை சொல்லும் கார்ஸ் பகுதியில் 123, பயாலஜியில் 127, சைக்காலஜியில் 128. ஜனவரியிலேயே மறுபடி எழுது என்கிறார் அப்பா. எழுதலாமா?

எழுதுங்கள், ஆனால் ஜனவரியில் வேண்டாம்.

அப்பா சொல்வது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஊரில் நீட் மார்க் குறைந்தால் ஒரு வருஷம் கோச்சிங்கில் உட்கார்ந்து மறுபடி எழுதுவார்கள். பழைய மார்க்கை யாரும் கேட்க மாட்டார்கள், எத்தனை தரம் எழுதினாலும் தடையில்லை, பிளஸ் டூ மார்க் தகுதிக்கு மட்டும்தான், மற்றபடி ரேங்க்தான் எல்லாம். அதனால் மார்க் போதவில்லை என்றால் உடனே அடுத்த தரம் என்பது அங்கே நியாயமான முடிவு. இங்கே எம்கேட்டை ஒரு வருஷத்தில் மூன்று தரம், அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் நான்கு தரம், வாழ்நாளில் ஏழு தரம், அவ்வளவுதான் எழுத முடியும். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும், எழுதி முடித்த கையோடு மார்க்கே வேண்டாம் என்று வாய்ட் செய்தாலும், அதுவும் ஒரு தரமாகக் கணக்கில் ஏறிவிடும். மறுபடி எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மொத்தத்தில் இரண்டு மூன்று மார்க்தான் கூடுகிறது, அதனால் 507 என்ற மொத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது. எந்த காலேஜின் கதவை எந்தப் பகுதி மூடுகிறது என்று பாருங்கள்.

உங்கள் மார்க்கை வைத்தே பார்ப்போம். டொரன்டோ யுனிவர்சிட்டி ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 125 கேட்கிறது, ஏதாவது ஒரு பகுதியில் மட்டும் 124 வரை விட்டுக்கொடுக்கும். உங்கள் 123 அந்தக் கதவை மூடிவிட்டது. மெக்மாஸ்டர் எம்கேட்டில் கார்ஸை மட்டும்தான் பார்க்கும், மற்ற மூன்று பகுதிகளில் நீங்கள் எடுத்த நல்ல மார்க் அங்கே எதற்கும் உதவாது. ஒட்டாவா எம்கேட்டே கேட்பதில்லை. வடக்கு ஒன்டாரியோவின் மெடிக்கல் ஸ்கூலான நாஸ்மும் கேட்பதில்லை, ஆனால் அவர்கள் வடக்கத்திய, கிராமப்புறப் பிள்ளைகளைத்தான் முதலில் தேடுவார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பிராம்டனிலேயே, 2025-ல் திறந்த டொரன்டோ மெட்ரோபாலிட்டன் யுனிவர்சிட்டி மெடிக்கல் ஸ்கூலுக்கும் எம்கேட் வேண்டாம். ஆக, மறுபடி எழுதுவது என்றால் கார்ஸுக்காக மட்டும்தான். ஆனால் நான்கு பகுதியையும் எழுதியாக வேண்டும் என்பதால் மற்ற மூன்றும் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புது மார்க் குறைந்தால் பழையதைக் காட்டிக்கொள்ளலாம் என்று எல்லா இடத்திலும் நம்ப முடியாது. விதி இடத்துக்கு இடம் வேறு, வருஷத்துக்கு வருஷமும் மாறுகிறது, அந்தந்த வருஷத்து விதியை நீங்களே படியுங்கள்.

ஜனவரி ஏன் வேண்டாம் என்றால், ஜிபிஏ, அதாவது யுனிவர்சிட்டிப் பாடங்களின் சராசரி மார்க். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஐந்து பாடங்கள், லேப், மிட்டர்ம், ஃபைனல், இதற்கு நடுவில் எம்கேட்டுக்கும் படித்தால் இரண்டில் ஒன்று கண்டிப்பாக அடிவாங்கும், அடிவாங்குவது பெரும்பாலும் ஜிபிஏதான். எம்கேட்டைத் திரும்ப எழுதலாம், மூன்றாம் வருஷத்து மார்க்கைத் திரும்ப வாங்க முடியாது. எம்கேட் கேட்காத இடங்களுக்கும் ஜிபிஏ வேண்டும், அதனால் மூடிய கதவைத் திறக்கப் போய் திறந்திருக்கும் கதவுகளை நீங்களே சாத்திவிடக் கூடாது. ஏப்ரலில் பரீட்சை முடியட்டும். ஜூன் கடைசி அல்லது ஜூலையில் எழுதினால் ஒரு மாதம் போல ஆகி மார்க் வந்துவிடும், ஒன்டாரியோ மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்ப மையமான ஓம்சாஸில் விண்ணப்பிக்க அக்டோபர் தொடக்கம் வரை இருக்கிறது, போதும்.

சரி, கார்ஸுக்கு என்ன செய்வது? நம் பிள்ளைகள் வழுக்கும் இடம் இதுதான், இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். என் மகளும் கார்ஸுக்காக மறுபடி எழுதியவள். ஒன்பது பத்திகள், 53 கேள்விகள், 90 நிமிஷம், ஒரு பத்திக்குப் பத்து நிமிஷம்தான். தத்துவம், கலை, வரலாறு என்று எதுவும் வரும், வெளி அறிவு எதுவும் தேவையில்லை. என்சிஇஆர்டி புத்தகத்தை வரி வரியாக உருப்போட்டு வந்தவர்களுக்கு அதுவே சிக்கல், ஏனென்றால் இங்கே பத்தியில் என்ன தகவல் இருக்கிறது என்பதைவிட எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைத்தான் கேட்பார்கள். மகள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையை எழுத மாட்டாள், தான் குறித்த தப்பான விடை அந்த நேரத்தில் ஏன் சரி என்று பட்டது என்று தன் வார்த்தையில் ஒரு வரி எழுதுவாள். கொஞ்ச நாளில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தது: பத்தியில் இருக்கும் சொல் அப்படியே விடையில் இருந்தால் அதையே குறித்துவிடுகிறாள். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் மார்க் ஏறியது. நீங்களும் அதைச் செய்யுங்கள், அதுவும் தேர்வை நடத்தும் ஏஏஎம்சி வெளியிடும் பயிற்சிக் கேள்விகளை வைத்துச் செய்யுங்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்று முக்கியம். போன தரம் பயிற்சித் தேர்வுகளில் கார்ஸ் எவ்வளவு வந்தது? 126, 127 வந்துகொண்டிருந்து தேர்வன்று மட்டும் 123 என்றால் அது தூக்கம், பதற்றம், நேரக் கணக்கு. முழுநீளப் பயிற்சித் தேர்வுகளைக் காலையிலேயே உட்கார்ந்து எழுதிப் பழகினால் சரியாகும். பயிற்சியிலும் 123-தான் என்றால் இரண்டு மாதம் போதாது, இன்றிலிருந்தே தினம் ஒரு பத்தி படிக்க வேண்டும். பாடம் நடக்கும்போதும் அதற்கு அரைமணி நேரம் கிடைக்கும்.

இன்னொன்று, பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். இனிஷியல் ஒரு இடத்தில், அப்பா பெயர் இன்னொரு இடத்தில் என்று நமக்கு இருக்கும் குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுங்கள், தேர்வு மையத்து வாசலில் அதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

அப்பாவிடம் ஒன்றும் வாதாட வேண்டாம். ஒரு தாளில் காலேஜ் பெயர், அது கேட்கும் மார்க், உங்கள் மார்க் மூன்றையும் எழுதிக் காட்டுங்கள். 2026-லிருந்து ஒன்டாரியோ தன் மெடிக்கல் சீட்டுகளில் 95 சதவீதத்தை மாகாணத்துப் பிள்ளைகளுக்கே ஒதுக்குவதாக 2024-ல் அறிவித்ததையும் சொல்லுங்கள், அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

அந்தப் பயிற்சித் தேர்வு மார்க்குகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள். ஜூன் போதுமா, இல்லை அடுத்த வருஷம் வரை தள்ள வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.