முதல் வாரத்துக் குஞ்சுச் சாவு: கோழி டாக்டரிடம் கேட்டவை

பாலக்கோடு: டாக்டர், 3000 பிராய்லர் குஞ்சு இறக்கினேன். அஞ்சு நாளில் 130 போச்சு. வயிறு உப்பி, தொப்புள் ஈரமா இருக்கு.

முதல் வாரத்தில் நூற்றுக்கு ஒன்று சாவது சகஜம். 30 வரை என்றால் நானும் விட்டிருப்பேன். செத்த குஞ்சை அறுத்துப் பாருங்கள். இந்நேரம் மஞ்சள்கரு பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். கோலிக்குண்டு மாதிரி பெரிதாக, பச்சையும் பழுப்புமாகத் தண்ணீர் கட்டி, நாற்றமடித்தால் மஞ்சள்கருப் பையில் கிருமி புகுந்துவிட்டது. பெரும்பாலும் ஈ.கோலை, ஸ்டெபைலோகாக்கஸ், சூடோமோனாஸும் வரும். அழுக்கு முட்டையை அடை வைத்தாலோ, தொப்புள் மூடாமல் குஞ்சு பொரிந்தாலோ, பொரிப்பகத்திலேயே தொற்றிவிடும். உங்கள் ஷெட்டில் பரப்பிய ஈர உமியும் தொட்டித் தண்ணீரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பென்னாகரம்: கடைக்காரர் தந்த ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலக்கலாமா சார்?

வயிறு உப்பிய குஞ்சு மருந்துக்குப் பிழைப்பது அரிது. புதிதாகச் செத்த நாலைந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சோதித்த பிறகு கொடுக்கலாம். அப்புறம், கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கோழிக்கு அதை 2019இலேயே தடை செய்தாயிற்று.

தளி: எங்க ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். பல்பு போட்டும் ராத்திரியில் ஒன்றன்மேல் ஒன்றா குவியுது.

தெரியும், தளியில் ஜூலையிலேயே ஸ்வெட்டர் போட்டவன் நான்! குளிர்ந்த குஞ்சு தீனி எடுக்காது, மஞ்சள்கருவும் கரையாது. முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். தெர்மாமீட்டரை மேலே தொங்கவிட்டுப் புண்ணியமில்லை. குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் புரூடரில், அதாவது குஞ்சுக்குச் சூடு தரும் அமைப்பில், சூடு போதவில்லை. வண்டி வருமுன்பே உமியும் சூடேறியிருக்கட்டும்.

ஊத்தங்கரை: பின்பக்கம் வெள்ளையா ஒட்டியிருக்கு. வெள்ளைக் கழிச்சலா?

ஒட்டியதெல்லாம் அதுவல்ல; குளிரிலும் ஒட்டும். ராணிக்கெட்டையும் வெள்ளைக் கழிச்சல் என்பார்கள், அது வேறு. ஈரலிலும் இதயத்திலும் வெள்ளை முடிச்சுகள் இருந்தால் சால்மோனெல்லா கிருமியால் வரும் புல்லோரம் நோயைச் சந்தேகிக்கலாம். இது தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக வருவது.

பர்கூர்: குஞ்சு செத்ததுக்கு, குஞ்சு தந்த கம்பெனிக்காரங்க என் பராமரிப்பு சரியில்லைங்கிறாங்க.

முதல் மூன்று நாளிலேயே கொத்தாகச் செத்தால் பொரிப்பகத்தையும் வண்டியையும்தான் முதலில் சந்தேகிப்பேன். பிறகு ஏறினால் உங்கள் ஷெட்டையும் பார்க்கணும். அடுத்த பேட்ச் இறங்கும்போது, பல பெட்டிகளிலிருந்தும் 50 குஞ்சை எடுத்து, தொப்புளைப் பார்த்து, சூப்பர்வைசர் எதிரிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.