மூளைக்குள் சிப் வைக்கும் சோதனைக்கு நீங்கள் சம்மதிப்பீர்களா?

"கைகால் செயலிழந்த நிலை உங்களுக்கு வந்தால், மூளையில் சிப் வைக்கும் ஆராய்ச்சிக்கு ஒத்துக்கொள்வீர்களா? நம் உடம்பு, நம் முடிவு. இதில் நெறிமுறை என்று பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒத்துக்கொள்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பேன். தொழில் புத்தி அப்படி.

மருத்துவ ஆராய்ச்சிகளுக்கான சம்மதப் படிவங்களைத் தமிழாக்கித் தருவது என் வேலைகளில் ஒன்று. நான் தமிழில் எழுதியதை இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் திரும்பவும் ஆங்கிலமாக்குவார். இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே பொருள் மாறியிருக்கிறது என்று குறித்து அனுப்புவார்கள். எல்லாப் படிவத்திலும் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இந்த ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ளலாம்." மாத்திரைச் சோதனை என்றால் இது உண்மை. நாளையிலிருந்து விழுங்க மாட்டேன் என்று சொன்னால் முடிந்தது. ஒருமுறை உடம்புக்குள் பொருத்தும் கருவி ஒன்றின் படிவம் வந்தது. அதிலும் அதே வாக்கியம். கருவியை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டுமே என்று, "விலகினாலும் கருவி உள்ளேயே இருக்கும், எடுப்பது தனி முடிவு" என ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். "மூலத்தில் இல்லை" என்ற குறிப்போடு அந்த வரி அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அவர்கள் சொன்னதும் சரிதான், மொழிபெயர்ப்பாளன் சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது. ஆனால் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

"நம் உடம்பு, நம் முடிவு" என்பது உள்ளே போகும் வாசலுக்குப் பொருந்தும். அந்த வாசலைக் கட்டவே உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு 1947-ல் வந்த நியூரம்பர்க் விதிகளில் முதல் விதியே, சோதனைக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான சம்மதம் இல்லாமல் எதுவும் கூடாது என்பதுதான். (1931-லேயே ஜெர்மனியில் இப்படி ஒரு வழிகாட்டுதல் இருந்தது. இருந்தும் என்ன நடந்தது என்பது தெரிந்த கதை.) மூளை விஷயத்தில் அந்த விதி உடனே உறைத்துவிடவும் இல்லை. மூளை நரம்பிழைகளை வெட்டும் லோபாட்டமி சிகிச்சைக்காக போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1949-ல். அதற்கு எட்டு வருடம் முன்பு பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தங்கை, 23 வயது ரோஸ்மேரி கென்னடிக்கு அதே அறுவையைச் செய்தார்கள். முடிவெடுத்தவர் அவருடைய அப்பா. அதன்பின் அந்தப் பெண்ணால் சரியாக நடக்கவோ பேசவோ முடியவில்லை.

அதே நியூரம்பர்க் விதிகளில் ஒன்பதாவது, சோதனையைப் பாதியில் நிறுத்தும் உரிமை அதற்கு உட்படுபவருக்கு உண்டு என்கிறது. வெளியே வரும் வாசல் அது. தொடரும் உரிமை பற்றி அதில் ஒன்றும் இல்லை. 1947-ல் யாருக்கு அது தோன்றியிருக்கும்?

ஆஸ்திரேலியாவில் சிறுவயதிலிருந்தே வலிப்பால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்கு 2010-ல், வலிப்பு வருவதை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். மெல்போர்னில் 15 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி அது. மண்டையோட்டுக்குள் மின்முனைகள், கையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் விளக்குகள். சிவப்பு எரிந்தால் வலிப்பு வரக்கூடும், மாத்திரை போட்டுக்கொள்ளலாம். நீலம் என்றால் பயமில்லை. தனியாக வெளியே போகவே அஞ்சியவருக்கு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது. 2013-ல் கருவியைத் தயாரித்த நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. கருவியை எடுத்துவிடச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்கிறேன் என்று அவரும் கணவரும் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் எடுத்தேவிட்டார்கள். அந்தக் கருவி நானாகவே ஆகிவிட்டது என்று பிறகு அவர் சொல்லியிருக்கிறார். எடுத்தது கருவியையா, அவரில் ஒரு பகுதியையா? எந்தப் படிவமும் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை.

இதற்கு நேர்மாறானதும் நடந்தது. பார்வை இழந்தவர்களுக்கு ஓரளவு பார்வை தரும் விழித்திரைக் கருவி ஒன்றை செகண்ட் சைட் என்ற நிறுவனம் தயாரித்தது. அதை உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள். நிறுவனம் அந்தத் தயாரிப்பைக் கைவிட்டு, 2020-ல் பெரும்பாலான ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. கருவிகள் அவரவர் கண்ணுக்குள்ளேயே இருந்தன. பழுதானால் பார்க்க ஆள் இல்லை. ஒருவரிடம் பிடுங்கினார்கள், மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு கதையிலும் முடிவெடுத்தது கணக்குப் புத்தகம்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது வேறொரு கதை. 2004-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் பதிவு செய்தது. பார்க்கின்சன் (உடம்பு நடுங்கி, அசைவு குறைந்துபோகும் நோய்) முற்றிய 62 வயதுக்காரர். மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்துத் தூண்டும் சிகிச்சையால் நடமாட முடிந்தது. ஆனால் தலைகால் புரியாத உற்சாகத்தில், கண்மண் தெரியாமல் நடந்துகொண்டு கடனில் போய் மாட்டிக்கொண்டார். மருந்து கேட்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் மனம் தெளிந்துவிடும், உடம்பு படுக்கையில் விழுந்துவிடும். ஓடவிட்டு மனநல மருத்துவமனையில் இருப்பதா, நிறுத்திவிட்டு அசைய முடியாமல் பராமரிப்பு இல்லத்தில் கிடப்பதா? யாரைக் கேட்பது? கருவி ஓடும்போது முடிவெடுக்கும் திறன் அவருக்கு இல்லை என்று கருதினார்கள். எனவே நிறுத்திவிட்டு, தெளிந்த நிலையில் கேட்டார்கள். அவர் ஓடவிடச் சொன்னார்.

மருத்துவர்கள் செய்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. அதைவிட நேர்மையாக எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கிடையில் இருந்தவர் போட்ட கையெழுத்து, நடமாடும் இன்னொருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கிறது. "நம் முடிவு" என்கிறீர்களே, அந்த "நம்" யார்?

சிப் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, மனதில் இருப்பதைப் படித்துவிடுவார்களா என்பதை. ஓரளவு அதற்குச் சட்டம் வந்துகொண்டிருக்கிறது. விருப்பமில்லாத ஒருவரை நார்கோ (மயக்க மருந்து கொடுத்துப் பேசவைப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), பிரெயின் மேப்பிங் (மூளை அலைகளைப் பதிவது) சோதனைகளுக்கு உட்படுத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-லேயே செல்வி வழக்கில் சொல்லிவிட்டது. சிலி நாடு 2021-ல் அரசியலமைப்பிலேயே மூளைத் தரவுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. அதற்காகப் போராடிய முன்னாள் செனட்டர் கீதோ ஹிரார்தியே தலையில் மாட்டி மூளை அலைகளைப் பதியும் கருவி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்து, அதைத் தயாரித்த எமோட்டிவ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய தரவை அழிக்கச் சொன்னது. தலையில் மாட்டியதைக் கழற்றலாம், தரவை அழிக்கச் சொல்லலாம். உள்ளே ஊன்றியதைத்தான் அப்படிச் செய்ய முடியாது.

சரி, என் பதிலுக்கு வருகிறேன். ஒத்துக்கொள்வேன். ஆனால் சில விஷயங்களை எழுத்தில் கேட்பேன். ஆராய்ச்சி முடிந்தபின் பேட்டரிக்கும் பழுதுக்கும் யார் பொறுப்பு, எத்தனை வருடத்துக்கு? நிறுவனம் மூடினால் கருவி யாருடையது? எனக்கு அது வேண்டும் என்றால் என் தலையில் கைவைக்காமல் இருப்பார்களா? வேண்டாம் என்றால் எடுக்கும் செலவு யாருடையது? இவை எல்லாம் எழுதித் தரக்கூடியவைதான், மனமிருந்தால்.

இன்னொன்றும் இருக்கிறது. கருவி என்னை மாற்றி, மாறிய நான் சந்தோஷமாகவே இருந்து, பழைய நான் அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்றால் யார் பேச்சைக் கேட்பது? அதை எந்த நிறுவனமும் எழுதித் தர முடியாது. எனக்காக முடிவெடுக்க வேண்டிவந்தால் என் தங்கைதான் எடுக்க வேண்டும், அவளிடம்தான் இதைப் பேச வேண்டும். நாலைந்து தடவை ஆரம்பித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் "உனக்கு இப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாள்.