வாசகர் கேள்வி: நீலச் சாயத்தில் செவ்வூதா மணிகள்

கேள்வி: பாக்டீரியாவுக்கு டொலூயிடின் நீலச் சாயம் ஏற்றினோம், உள்ளே சில மணிகள் மட்டும் செவ்வூதாவாகத் தெரிந்தன. அவை என்ன?
– கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: நீங்கள் கண்டவை பெரும்பாலும் வோலுட்டின் மணிகளாக இருக்கலாம். பத்து முதல் பல நூறு வரையிலான பாஸ்பேட் அலகுகள், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியில் உள்ளதைப் போன்ற ஆற்றல் மிக்க பிணைப்புகளால் கோக்கப்பட்ட பாலிபாஸ்பேட் சங்கிலிகளே அவற்றில் நிறைந்துள்ளன. இச்சங்கிலிகளில் நெருக்கமாக அமைந்த எதிர்மின்னூட்டங்களில் சாய மூலக்கூறுகள் அடுத்தடுத்து ஒட்டிக்கொள்வதால்தான் நிறம் மாறுகிறது. ஆகவே, சாயம் கெட்டுவிட்டதென்று புட்டியைக் கொட்டிவிட வேண்டாம்.

டிஎன்ஏ ஆய்வுக்காக 1959-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் கோர்ன்பெர்க், இச்சங்கிலியை உருவாக்கும் நொதியை ஈ.கோலை பாக்டீரியாவில் கண்டறிந்து 1956-இலேயே வெளியிட்டார். ஆயினும் பலர் பாலிபாஸ்பேட்டை வெறும் சேமிப்புக் கிடங்காகவே நெடுங்காலம் கருதினர். என் பார்வையில் அது அவசர முடிவு. பிற்காலத்தில் அந்நொதியின் மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் நகரும் திறனும், பரப்புகளில் கூட்டமாக ஒட்டி உயிர்ப்படலம் அமைக்கும் திறனும் குன்றின. நம் ரத்தத் தட்டணுக்களிலும் பாலிபாஸ்பேட் உண்டு. காயம்பட்டால் அது வெளிப்பட்டு, ரத்தம் உறைவதை விரைவுபடுத்துகிறது.

உங்கள் மணிகளை உறுதிசெய்ய, டாப்பி (DAPI) என்னும் ஒளிரும் சாயமேற்றி ஒளிர்வு நுண்ணோக்கியில் பாருங்கள்: டிஎன்ஏ நீலமாகவும், பாலிபாஸ்பேட் மஞ்சளாகவும் ஒளிரும்.