40-ஆம் நாளில் "அந்த நினைப்பே வரல" என்றால் நம்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஒன்றரை வருடம் கோகைன் எடுத்தவன், விட்டு 40 நாள் ஆகிறது. "அந்த நினைப்பே வரல அக்கா" என்கிறான். பொய் சொல்வதாகத் தெரியவில்லை. பழைய நண்பர்கள் கோவாவுக்குக் கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா? மூளையில் பாதிப்பு இன்னும் இருக்குமா? அதற்கு மாத்திரை உண்டா?

பதில்: அனுப்ப வேண்டாம். தம்பி உண்மையைத்தான் சொல்கிறான். ஆனால் அவனுக்கே தெரியாத ஒன்று அவன் மூளையில் நடந்துகொண்டிருக்கலாம்.

கோகைனை விட்டவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. விட்டு 2 நாள் ஆனவர்களிலிருந்து ஒரு வருடம் ஆனவர்கள் வரை அதில் இருந்தார்கள். "எடுக்கணும்னு எவ்வளவு தோணுது?" என்று கேட்டால், நாள் கூடக் கூட ஆசை குறைவதாகவே சொன்னார்கள். ஆனால் கோகைன் படத்தைக் காட்டியதும் எழுந்த மூளை அலை வேறு கதை சொன்னது. 1 மாதம், 6 மாதம் ஆனவர்களிடம்தான் அது உச்சத்தில் இருந்தது. உங்கள் தம்பி இப்போது நிற்பது அந்த மேட்டில்.

காரணத்தைக் குளூட்டமேட்டில் தேட வேண்டும். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள் அது. கோகைன் முதலில் கைவைப்பது டோபமைன் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளில்தான். விட்ட பிறகும் பழைய இடம், பழைய ஆள் என்று கண்டதும் சுண்டி இழுப்பதில் குளூட்டமேட்டுக்குப் பெரும் பங்கு. ஒரு நரம்பணு இதை வெளிவிட்டால், அடுத்த நரம்பணுவின் மேலுள்ள ஆம்பா ஏற்பி அதைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்கும். நான்கு துண்டுகள் கூடிய குழாய் போன்றது அந்த ஏற்பி. பெரும்பாலும் அதில் குளு-ஏ2 என்ற துண்டு இருக்கும். அது இருக்கும்வரை சோடியம் உள்ளே போகும், கால்சியம் போகாது.

தினம் 6 மணி நேரம் வீதம் 10 நாள் தாமாகவே கோகைன் எடுத்துப் பழகிய எலிகளை வைத்து 2008-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நிறுத்திய மறுநாள் இந்த ஏற்பிகளில் மாற்றம் தெரியவில்லை. ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால், நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற மூளைப் பகுதியில் குளு-ஏ2 இல்லாத ஏற்பிகள் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தன. இவற்றின் வழியே கால்சியமும் நுழையும், மின்னோட்டமும் கூடுதல். அதே அளவு குளூட்டமேட்டுக்கு நரம்பணு பலமாகத் துள்ளும். கோகைனை நினைவூட்டும் பழைய சைகை தெரிந்ததும் எலிகள் முன்பைவிட ஆவேசமாக முயன்றன, கோகைன் எதுவும் வராதபோதும். இந்த ஏற்பிகளை மட்டும் மருந்தால் அடைத்ததும் அந்த வேகம் அடங்கியது. எலியில் கண்டதுதான்; ஆனாலும் மேலே சொன்ன மின்னலைக் கணக்கோடு காலம் பொருந்துகிறது.

எனவே முதல் 6 மாதம் "ஆசை வருதா?" என்று அவனைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். எங்கே போகிறான், யாரோடு, கையில் எவ்வளவு பணம் என்பதைப் பாருங்கள். விற்றவனின் எண்ணை அவன் கையாலேயே அழிக்கச் செய்யுங்கள். பணம் அனுப்பும் செயலியிலும் அந்தப் பெயர் இருக்கும், அதை மறந்துவிடுவார்கள். மதுவும் வேண்டாம். பலருக்கு முதல் கிளாஸே கோகைனை நினைவூட்டும் சைகை. இரண்டும் சேர்ந்தால் ஈரலில் கோகாஎதிலீன் உருவாகி இதயத்தைக் கூடுதலாகத் தாக்கும்.

மாத்திரை விஷயம். கோகைன் பழக்கத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. சளிக்குத் தரும் என்-அசெட்டைல்சிஸ்டைன் பற்றிப் படித்திருப்பீர்கள். தொடர்ந்து கோகைன் எடுத்தால் நரம்பணுக்களுக்கு வெளியே இயல்பாக இருக்க வேண்டிய குளூட்டமேட் குறைந்துபோகிறது. இம்மருந்து எலிகளில் அதை மீட்கிறது. ஆனால் 2013-ல் வெளியான 8 வாரச் சோதனையில் நாளுக்கு 1200, 2400 மி.கி. கொடுத்தும் மொத்தத்தில் பலன் இல்லை. ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களில் 2400 மி.கி. எடுத்த சிறு குழுவிடம் மட்டும் நம்பிக்கை தரும் அறிகுறி தெரிந்தது. ஆஸ்துமா இருந்தாலோ நைட்ரேட் மாத்திரை எடுத்தாலோ இதில் ஆபத்து உண்டு. மருத்துவர் சொல்லாமல் வாங்கித் தராதீர்கள்.

இன்றுள்ளவற்றில் நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை பரிசு முறை. கோகைன் எடுக்கவில்லை என்று சிறுநீர்ப் பரிசோதனை காட்டினால் பரிசு. கோகைன் எடுத்த தடயம் சிறுநீரில் 2 முதல் 4 நாள் வரை தெரியும், அதனால் வாரம் மூன்று பரிசோதனை. அமெரிக்காவில் உருவான மூல முறையில் முதல் சுத்தமான முடிவுக்கு 2.50 டாலர் மதிப்புக்குப் பொருள் வாங்கும் சீட்டு, அடுத்தடுத்த முடிவுக்கு 1.25 டாலர் கூடுதல். தவறினால் மறுபடி 2.50-லிருந்து. இப்படி 12 வாரம். பரிசு பணமாக வேண்டாம், பொருளாகவே இருக்கட்டும். கெஞ்சியதற்காக ஒரு தடவை விட்டுக்கொடுத்தாலும் முறை உடைந்துவிடும். அக்காவாக இருந்து இதைச் செய்வது கடினம், போதை மீட்பு மையத்தின் மூலம் செய்யுங்கள். அருகில் எந்த மையம் என்று 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

ஒருவேளை வழுக்கிவிட்டால் அன்றே உங்களிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை இப்போதே அவனுக்குக் கொடுங்கள். நெஞ்சு வலி வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கோகைன் எடுத்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாரடைப்புக்கு வழக்கமாகத் தரும் சில மருந்துகளை அப்போது மாற்ற வேண்டியிருக்கும்.