மலாய்க்குச் சொல், ஜோங்காவுக்கு வாக்கியம்: கேள்வி பதில்

மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள் நான். மலாய் பள்ளிக்கூடத்தில் வந்தது. பிறகு பூட்டானில், பாரோ பக்கம் ஒரு பள்ளியில் நான்கு வருடம் கணக்கு டீச்சர். பூட்டானின் மொழியான ஜோங்கா அங்கே ஆசிரியர் அறையிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, இரண்டும் ஆசிய மொழிதானே? ஏதாவது சொந்தம் உண்டா?

ஒரு துளியும் கிடையாது தம்பி. மலாய்க்குப் பங்காளிகள் கடலில் இருக்கிறார்கள்: பிலிப்பைன்ஸின் தகலோக், மடகாஸ்கரின் மலகாசி, ஹவாய்த் தீவு மொழி. ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம். ஜோங்கா மலைக்காரி, திபெத்திய மொழிக்கு நெருங்கிய உறவு, சீன-திபெத்தியக் குடும்பம். பெயரிலேயே ஊர் தெரியும்: ‘ஜோங்’ என்றால் கோட்டை, ‘கா’ என்றால் மொழி. கோட்டைக்குள் அதிகாரிகளும் துறவிகளும் பேசியது.

கிள்ளான், மலேசியா: மலாயில் நம்ம சொல் கொட்டிக் கிடக்கு. ஜோங்காவிலும் உண்டா?

மலாயில் கப்பல், கடை, கட்டில், பெட்டி, கோயில் எல்லாம் காப்பால், கெடாய், காத்தில், பெத்தி, கூயில் என்று குடியேறிவிட்டன. ‘முதல்’ கூட ‘மோடால்’ ஆகி, வியாபாரத்துக்குப் போடும் முதலாகவே நிற்கிறது. வணிகர்கள் கரையிறங்கிய இடத்தில் சொல்லும் இறங்கும்.

ஜோங்காவில் அப்படி நேரடியாகத் தமிழிலிருந்து போனது எதையும் நான் கேட்டதில்லை. சமஸ்கிருதம் இரண்டு பக்கமும் போயிருக்கிறது, ஆனால் வரவேற்பு வேறு. மலாய் ‘குரு’வை அப்படியே எடுத்துக்கொண்டது, இன்றும் பள்ளி ஆசிரியர் குருதான். திபெத்தியர்கள் அதை மொழிபெயர்த்து ‘லாமா’ ஆக்கினார்கள். புத்தரையே ‘சாங்கே’ என்று தங்கள் சொல்லால்தான் சொல்வார்கள். தப்பித்து உள்ளே போனதில் எனக்குப் பிடித்தது தாமரை. பத்மம் அங்கே ‘பெமா’. என் வகுப்பில் எப்போதும் இரண்டு மூன்று பெமாக்கள் இருப்பார்கள். மலாயில் சரோஜம் ‘செரோஜா’.

மதுரை: தமிழ் பேசுபவருக்கு எது சுலபம்?

இதற்குத்தான் காத்திருந்தேன். ‘எனக்குக் காசு இருக்கு’ என்பதை இரண்டிலும் சொல்லிப் பாருங்கள்.

மலாயில் ‘சாயா அடா டூயிட்’. சாயா நான், அடா இருக்கு, டூயிட் காசு. ‘நான் இருக்கு காசு’ என்று அடுக்கியாக வேண்டும். பெயரடை பெயருக்குப் பின்னால் வரும்: பெரிய வீடு அங்கே ‘ரூமா பெசார்’, வீடு பெரிய.

ஜோங்காவில் ‘ஙா-லு திரு யோ’. ஙா நான், லு நம்முடைய ‘-க்கு’, திரு காசு, யோ இருக்கு. வரிசை மாறாமல் எனக்குக் காசு இருக்கு! முதல் வாரம் இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். காசுக்குத் ‘திரு’ என்று பெயர் இருப்பது தற்செயல். தயவுசெய்து அதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டாம்.

அதனால் என் கட்சி இது: மலாயில் சொல் தெரிந்த முகம், வாக்கியம் அந்நியம். ஜோங்காவில் வாக்கியம் நம் வீடு, சொல் ஒன்றும் புரியாது. பேச ஆரம்பிக்க மலாய்க்கு மூன்று மாதம் போதும். காலம் காட்டும் விகுதி இல்லை, திணை பால் விகுதி இல்லை, ‘புக்கு-புக்கு’ என்று இரட்டித்தால் புத்தகங்கள். ஜோங்காவில் உச்சஸ்தாயி, தாழ்ஸ்தாயி வேறு இருக்கிறது. தொனி மாறினால் பொருளும் மாறிவிடும்.

இன்னொன்று மலாய்க்காரர்களுக்காகச் சொல்லவேண்டும். நாம், நாங்கள் வேறுபாடு அவர்களிடம் அச்சாக உண்டு: ‘கீத்தா’ நாம், ‘காமி’ நாங்கள். ஆங்கிலம் பேசுபவர்கள் திணறும் இடத்தில் நமக்குப் பாடமே தேவையில்லை.

கோவை: ஜோங்காவில் ‘இருக்கு’ என்பதற்கு இரண்டு வினை என்று படித்தேன். என்ன வித்தியாசம்?

யோ ஒன்று, ‘தூ’ ஒன்று. (ஆமாம், தூ. நம்மூரில் சொன்னால் சண்டை வரும்.) என்னிடம் காசு இருப்பது எனக்கு முன்பே தெரியும் என்றால் யோ. பழைய கோட்டின் பையில் கையை விட்டு, மறந்துபோன நோட்டு ஒன்று விரலில் தட்டினால் தூ. அதாவது இப்போதுதான் தெரிந்தது.

தமிழில் இதை ஏகாரம் செய்கிறது. ‘காசு இருக்கு’ வேறு, ‘அட, காசு இருக்கே!’ வேறு. நமக்கு விருப்பம், அவர்களுக்குக் கட்டாயம். ஒருமுறை சக ஆசிரியரிடம் என் தம்பியைப் பற்றிச் சொல்லும்போது ‘எனக்குத் தம்பி தூ’ என்றேன். அவர் ‘இன்றைக்குத்தான் தெரிந்ததா?’ என்று கேட்டார்.

மலாயில் இந்தத் தொல்லையே இல்லை. எல்லாவற்றுக்கும் ஓர் ‘அடா’.

ஈப்போ, மலேசியா: இங்கே நாம் ‘முடியாது-லா’ என்கிறோம். பூட்டானிலும் லா உண்டாமே?

உண்டு, ஆனால் குணம் வேறு. மலாய்ப் பேச்சு ‘லா’ அழுத்தத்துக்கும் நெருக்கத்துக்கும். ஜோங்கா ‘லா’ நம்முடைய ‘ங்க’. வணக்கம் ‘குசுசாங்போ லா’, நன்றி ‘காதின்சே லா’. பெரியவரிடம் பேசும்போது லாவை விட்டால் ‘வா’ என்று கூப்பிட்ட மாதிரி.

பெரிய மரியாதைக்கு இருவரிடமும் தனிச் சொற்களே இருக்கின்றன. சாப்பிடுவதையே பாருங்கள்: மலாய் அரசர் ‘மாக்கான்’ செய்யமாட்டார், ‘சந்தாப்’ செய்வார். ஜோங்காவில் சாதாரண ‘ஸா’ பெரியவருக்கு ‘ஷே’. நம் பெருமாள் அமுது செய்தருளுவதைப் போல.

சென்னை: எழுத்து?

இரண்டுக்கும் ஆரம்பம் பிராமி வழி. சுமத்ராவில் பாலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு கி.பி. 683-ஐச் சேர்ந்தது, பழைய மலாய், பல்லவர் வழி எழுத்து. இஸ்லாம் வந்தபின் அரபு வழியான ஜாவி (14-ஆம் நூற்றாண்டுத் திரெங்கானு கல் அதற்குச் சாட்சி), பிறகு ரோமன். 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துக்கூட்டலைப் பொதுவாக்கின. இப்போது எழுதியதை அப்படியே படிக்கலாம்.

ஜோங்கா திபெத்திய எழுத்தை விடவில்லை. வாய் மட்டும் எங்கோ போய்விட்டது. பூட்டான்காரர்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் ‘ட்ருக் யுல்’ என்ற பெயரையே பாருங்கள்: எழுத்துக் கூட்டினால் ‘ப்ருக்’, வாசிப்பது ‘ட்ருக்’. முன்னால் ஊமையாக ஓர் எழுத்து வேறு. என் மாணவர்கள் கணக்கில் வாங்கும் மதிப்பெண்ணை ஜோங்கா டிக்டேஷனில் இழப்பார்கள்.

தூத்துக்குடி: பூட்டானுக்குச் சுற்றுலா போக ஜோங்கா தெரிய வேண்டுமா?

வேண்டாம். பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில்தான், கடைகளில் ஹிந்தியும் ஓடும். ஜோங்கா மேற்குப் பகுதியின் தாய்மொழி; கிழக்கே ஷங்லா, தெற்கே நேபாளி. 2017 கணக்கெடுப்பில் மொத்த நாடே ஏழு லட்சத்துச் சொச்சம் பேர்தான். மலாயோ நான்கு நாடுகளில் ஆட்சிமொழி, இந்தோனேசியம் என்ற பெயரையும் சேர்த்தால்.

ஆனால் சந்தையில் விலை கேட்கப் போகிறீர்கள் என்றால் எண்ணைப் படித்துவிட்டுப் போங்கள். பழைய ஆட்கள் இருபது இருபதாக எண்ணுவார்கள். இருபது ‘கே’, நாற்பது ‘கே ஞி’, இரண்டு இருபது, அறுபது ‘கே சும்’. முப்பதுக்கு ‘இரண்டாவது இருபதில் பாதி’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மிளகாய் விற்கும் பாட்டி அப்படிச் சொன்னபோது, கணக்கு டீச்சர் நான், விரலை மடக்கிக்கொண்டு நின்றேன்.